காயம் ஆறிவிட்டது, பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை

தலையில் அடிபட்டு வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பிய ஒருவரைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், ஆள் தப்பிவிட்டார், இனிச் சுகம்தானே" என்று நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அதோடு நில்லாமல், அப்படித் திரும்பி வந்த ஒரு மாணவனைச் சோம்பேறி என்று ஏசி வகுப்புக்கு வெளியேயும் நிறுத்தியிருக்கிறேன். அந்தத் தவறுக்குப் பிறகு நான் தேடிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளிலும் இப்படியான பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் பத்து வயதுப் பையனாகப் பெற்றோருடன் புத்தளம் போனேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, பல வருடங்களுக்குப் பிறகு ஊர் திரும்பி, சில காலம் மயிலிட்டியில் படிப்பித்தேன். மயிலிட்டி மக்களும் 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இடம்பெயர்ந்தவர்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2017 ஜூலை 3 ஆம் திகதி துறைமுகமும் அதைச் சுற்றிய காணியும் விடுவிக்கப்பட்டபோது 27 வருடங்கள் கடந்திருந்தன. அங்கே முதியவர்களோடு பேசும்போது நான் யாழ்ப்பாணச் சோனகன் என்று தெரிந்ததும், "நீங்களும் எங்களைப் போலத்தான்" என்பார்கள்.

அந்த மாணவன் ஒரு கடற்றொழிலாளியின் மகன். தரம் 10. கணக்கில் கெட்டிக்காரன். ஒரு மாலை நேரம் மாமனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவன், தெல்லிப்பழைப் பக்கம் நடந்த விபத்தில் தூக்கி வீசப்பட்டான். மாமன் தலைக்கவசம் போட்டிருந்தார். பின்னால் இருந்தவனிடம் அது இல்லை. 1990 அம்புலன்ஸ் வந்து தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கும், அங்கிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கும் கொண்டுபோனார்கள். பல நாட்கள் நினைவு தெளியாமல் கிடந்தான். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு விட்டார்கள். அடுத்த தவணை தொடங்கியபோது வகுப்பில் வந்து இருந்தான். கை கால் சரி, பேச்சு சரி, நெற்றியோரம் ஒரு தழும்பு மட்டும்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதல் பாடவேளையில் படித்ததை மூன்றாவது பாடவேளையில் கேட்டால் முழிப்பான். பத்து மணிக்கு மேல் மேசையில் தலையை வைத்துத் தூங்குவான். பக்கத்தில் இருப்பவன் அழிறப்பரை எடுத்தால் கத்திச் சண்டைக்குப் போவான். ஒருநாள் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, என் தோற்றத்தைப் பற்றி உரத்த குரலில் ஏதோ சொன்னான். வகுப்பு சிரித்தது. அன்றுதான் அவனை வெளியே நிறுத்தினேன்.

மறுநாள் தாய் வந்தார். "சேர், இவன் முந்தி இப்பிடி இல்லை. பார்க்க நல்லாத்தான் இருக்கிறான். ஆனா ஆஸ்பத்திரியால வந்தது என்ர பிள்ளைதானா எண்டு சில நேரம் எனக்கே பயமா இருக்கு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மண்டை ஓட்டுக்குள் நடப்பது என்ன?

மனித மூளை ஏறக்குறைய 1.4 கிலோ நிறை உள்ளது. நாம் நினைப்பதுபோல் அது கெட்டியான பொருள் அல்ல, தயிர்க்கட்டி போல மென்மையானது. மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. வேகமாகப் போகும் உடல் திடீரென்று நிற்கும்போது, மூளை உள்ளே முன்னும் பின்னும் மோதுகிறது, முறுகுகிறது. மண்டை ஓட்டின் உட்பக்கம் எல்லா இடமும் வழவழப்பானது அல்ல. நெற்றிக்குப் பின்னாலும் காதோரத்துக்கு உள்ளேயும் எலும்பு கரடுமுரடாக இருக்கும். அதனால் எங்கே அடிபட்டாலும் பெரும்பாலும் அந்த இரண்டு பகுதிகளே அதிகம் சேதமடைகின்றன. திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாது என்று தீர்மானிப்பது எல்லாம் நெற்றிப் பகுதியின் வேலை. புதிதாகக் கேட்டதை நினைவில் பதிப்பதில் காதோரப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

மோதல் தவிர இன்னொன்றும் நடக்கிறது. மூளைக் கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மெல்லிய நரம்பு நார்கள் இழுபட்டு அறுகின்றன. இவை மிக நுண்ணியவை. ஆகவே "சீ.ரீ. ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்று சொல்லப்பட்டவருக்கும் இந்தச் சேதம் இருக்கலாம்.

அடுத்த ஆபத்து, அடிபட்ட பிறகு வரும் வீக்கமும் இரத்தக் கசிவும். கால் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் கூடி, நல்ல பகுதிகளுக்கும் இரத்தமும் ஒட்சிசனும் போகாமல் தடைப்படும். விபத்துக்குப் பின் மணித்தியாலங்கள் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

தலையில் அடிபட்டவரின் நிலையை வைத்தியர்கள் ஓர் அளவுகோலால் அளப்பார்கள். கிளாஸ்கோ நகரில் 1974 இல் இரண்டு வைத்தியர்கள் உருவாக்கியது அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். 13 முதல் 15 வரை இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் குறைந்தால் கடுமையானது. ஆனால் "இலேசான காயம்" என்பது உயிராபத்துக் குறைவு என்ற அர்த்தத்தில் சொல்லப்படுவது. அப்படிப்பட்டவர்களிலும் சிலர் மாதக்கணக்கில் தலையிடி, களைப்பு, மறதியோடு போராடுகிறார்கள்.

கெட்ட குணம் என்று நாம் நினைப்பது

1848 இல் அமெரிக்காவில் ரயில் பாதை போடும் வேலையில் இருந்த பினியாஸ் கேஜ் என்ற மேற்பார்வையாளரின் தலையை, வெடிமருந்து வெடித்ததில் ஓர் இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு போனது. ஆச்சரியமாக அவர் உயிர் தப்பினார், நடந்தார், பேசினார். ஆனால் பொறுப்பானவராக இருந்தவர் முன்கோபியாகவும், வாய்க்கு வந்ததைப் பேசுபவராகவும் மாறினார் என்று அவருடைய வைத்தியர் எழுதினார். நண்பர்கள் இவர் பழைய கேஜ் அல்ல என்றார்கள். பாடப்புத்தகங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். உண்மையில் அவர் பின்னர் சிலி நாட்டுக்குப் போய், பல வருடங்கள் குதிரை வண்டி ஓட்டினார். நேரத்துக்கு எழுந்து, குதிரைகளைத் தயார் செய்து, பயணிகளோடு பக்குவமாக நடந்துகொள்ள வேண்டிய தொழில் அது. தினமும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரைப் பெருமளவு மீட்டிருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

என் மாணவன் விடயத்தில் எனக்கு விளங்காமல் போனது இதுதான். அவன் என்னைக் கேலி செய்யத் திட்டமிடவில்லை. மனதில் வந்த சொல்லை வாயில் நிறுத்தும் பகுதி காயப்பட்டிருந்தது. பத்து மணிக்கு அவன் தூங்கியது சோம்பலால் அல்ல. நாம் யோசிக்காமல் செய்யும் காரியத்தை, காயப்பட்ட மூளை பெரிய முயற்சி எடுத்துச் செய்கிறது. நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்பதே அவனுக்குப் பாரம் தூக்கும் வேலை.

காலில் கட்டுப் போட்டு வந்த பிள்ளையை யாரும் ஓடச் சொல்வதில்லை. மூளையில் காயத்தோடு வந்த பிள்ளையை நான் ஓடச் சொன்னேன், ஓடாததற்குத் தண்டித்தேன்.

புனர்வாழ்வு எங்கே தொடங்குகிறது?

எங்கள் பகுதியில் புனர்வாழ்வு என்ற சொல்லைக் கேட்டால் 2009 க்குப் பின்னான முகாம்கள்தான் பலருக்கு ஞாபகம் வரும். மருத்துவத்தில் அதன் பொருள் வேறு. இழந்த திறன்களில் மீட்கக்கூடியதை மீட்பது, மீட்க முடியாததற்கு மாற்று வழி பழக்குவது. அடிபட்ட பகுதி செய்த வேலையில் ஒரு பங்கை, திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யும்போது, மூளையின் வேறு பாதைகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே இந்தச் சிகிச்சையில் மருந்தைவிடப் பயிற்சிக்கே அதிக இடம்.

நடக்க, சமநிலை பேண உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் உதவுவார். உடுப்பு மாற்றுதல், சமைத்தல், பள்ளிக்கூடம் போதல் போன்ற அன்றாட வேலைகளைப் பழக்க இன்னொருவர். பேச்சுக்கும், உணவை விழுங்குவதில் உள்ள சிரமத்துக்கும் பேச்சுச் சிகிச்சையாளர். மனநிலைக்கு உளவள ஆலோசகரோ மனநல வைத்தியரோ. இலங்கையில் ராகமவில் இதற்கென்றே ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. நம்மவர்கள் பலர் சிகிச்சைக்குப் போய்வரும் வேலூரில், 1966 இல் ஒரு புனர்வாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய டொக்டர் மேரி வர்கீஸ் 1954 இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சத்திரசிகிச்சை செய்தவர்.

இந்தப் பயணம் எவ்வளவு நீளமானது என்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். மலாலா யூசுப்சாய் 2012 ஒக்டோபர் 9 ஆம் திகதி பாடசாலையில் இருந்து வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டபோது வயது 15. மூளை வீங்கியதால் பெஷாவரில் மண்டை ஓட்டின் ஒரு பகுதியை வைத்தியர்கள் அகற்றினார்கள். பிறகு பர்மிங்ஹாம். 2013 பெப்ரவரியில் மண்டை ஓட்டில் டைட்டேனியத் தகடும், கேட்கும் திறன் இழந்த இடது காதுக்கு ஒரு கருவியும் பொருத்தினார்கள். மார்ச் மாதம் பாடசாலைக்குப் போனார். 2014 இல் நோபல் பரிசு, 2020 இல் ஒக்ஸ்போர்ட் பட்டம். நாம் அறிந்த கதை இவ்வளவுதான். ஆனால் 2021 ஓகஸ்டிலும், அதாவது ஏறக்குறைய ஒன்பது வருடங்களுக்குப் பின்னும், அறுபட்ட முக நரம்புக்காக அவர் இன்னொரு சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அந்த ஒரு தோட்டாவில் இருந்து தான் இன்னும் மீண்டுகொண்டிருப்பதாக அவரே எழுதினார். உலகின் சிறந்த வைத்தியசாலைகளின் வாசல் திறந்திருந்த பிள்ளைக்கே அவ்வளவு காலம்.

பொதுவாக முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன்பின் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. இரண்டு வருடம் கழித்தும் புதிய திறன்களைப் பெறுபவர்கள் உண்டு. "ஆறு மாதம் போய்விட்டது, இனி இவ்வளவுதான்" என்று கைவிடுவது தவறு.

மயிலிட்டி மக்களுக்கு இதை விளக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. 2017 இல் ஊர் கிடைத்த நாளும், ஊர் ஊரான நாளும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். கிணறு இறைக்க வேண்டும், பற்றை வெட்ட வேண்டும், கூரை போட வேண்டும். நம்மவர்களும் அப்படித்தானே சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தார்கள்.

வகுப்பில் நாங்கள் செய்தது

அந்தத் தாயோடு நானும் ஒருநாள் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த சிகிச்சையாளர் ஒருவர் அரை மணித்தியாலம் ஒதுக்கிப் பேசினார். அவர் சொன்னதை அதிபரிடம் சொல்லி, மற்ற ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டோம். செலவு எதுவும் வரவில்லை.

முதல் மாதம் அவன் இடைவேளை வரை மட்டும் வந்தான். முன்வரிசையில், யன்னலுக்குத் தள்ளி இருத்தினோம். நாற்பது நிமிடப் பாடத்தில் நடுவில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி இருக்கலாம், யாரும் கேட்கக்கூடாது. ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்வதை நிறுத்தி, ஒன்று முடிந்த பின் அடுத்ததைச் சொன்னோம். கோபம் வருவது தெரிந்தால் தானாகவே எழுந்து நூலகத்துக்குப் போக அனுமதி கொடுத்தோம். பக்கத்து மாணவன் ஒருவன் குறிப்புகளின் பிரதியைக் கொடுத்தான். வகுப்புப் பிள்ளைகளுக்கு, அவனும் தாயும் சம்மதித்த பின், அவன் மூளைக்குக் காயம் என்றால் என்ன என்பதை விஞ்ஞான பாடமாகவே விளக்கினேன். அதன் பிறகு சிரிப்பு நின்றது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு சின்னக் கொப்பி. சட்டைப் பைக்குள் எப்போதும் இருக்கும். வீட்டுப்பாடம், யாரிடம் என்ன சொன்னான், எத்தனை மணிக்கு மாத்திரை எல்லாம் அதில். "ஞாபகம் வைத்திரு" என்று சொல்வதை விட்டு "எழுதி வை" என்று சொல்லப் பழகினோம்.

இரண்டாம் உலகப் போரில் தலையில் சுடப்பட்ட ஒரு ரஷ்யச் சிப்பாயைப் பற்றி லூரியா என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். அந்தச் சிப்பாய் எழுத்துகளை மறந்துபோனார். ஓர் எழுத்தை யோசித்து எழுதச் சொன்னால் முடியாது. ஒருநாள் வைத்தியர், யோசிக்காமல், கையை எடுக்காமல் முழுச் சொல்லையும் ஒரேயடியாக எழுதும்படி சொன்னார். கை எழுதியது! தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. அதன் பிறகு அவர் இருபது வருடங்களுக்கு மேல், ஒரு நாளைக்குச் சில வரிகளாக, தன் கதையை எழுதினார். ஆசிரியனான எனக்கு இது பெரிய பாடம். ஒரு வழி அடைபட்டால் பிள்ளை முடிந்துவிட்டது என்று அர்த்தமல்ல, வேறு வழி தேடுவது எங்கள் வேலை.

பெற்றோருக்கு ஒரு தகவல். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் வழங்கும் நடைமுறை பரீட்சைத் திணைக்களத்தில் உண்டு. வைத்தியரின் சான்றுடன் பாடசாலை ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை நெருங்கிய பின் ஓடித் திரிந்து பயனில்லை.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

நோயாளியைப் போய்ப் பார்ப்பது நமக்குக் கடமை. ஆனால் மூளைக் காயத்தில் இருந்து மீள்பவருக்கு ஒரே நேரத்தில் பத்துப் பேரின் பேச்சு பெரும் வேதனை. இருவராகப் போங்கள், பத்து நிமிடம் இருங்கள், மெதுவாகப் பேசுங்கள். "என்னைத் தெரிகிறதா, நான் யார் சொல்லு பார்ப்போம்" என்று சோதனை வைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளையைப் பராமரிக்கும் தாயை ஒரு மணித்தியாலம் தூங்க விட்டு நீங்கள் பக்கத்தில் இருந்தால், அது நீங்கள் கொண்டுபோகும் பழங்களைவிடப் பெரிய உதவி.

குணம் மாறியதைப் பார்த்து, கண்ணூறு, ஜின் என்று சொல்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. அந்த மாணவனின் வீட்டிலும் அப்படியான பேச்சு இருந்தது. ஓதிப் பார்ப்பதையோ துஆச் செய்வதையோ யாரும் தடுக்கவில்லை. அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள், கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

சிலருக்கு இந்தக் காயத்தின் பின் வலிப்பு வரும். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். வலிப்பு மாத்திரையை நேரம் தவறி எடுப்பது ஆபத்து. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததே. ரமழானுக்கு முன்பே வைத்தியரிடமும், பின்னர் உலமாவிடமும் கேட்டுத் தீர்மானியுங்கள்.

தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாக எழுந்து நடந்தாலும் ஓரிரு நாட்கள் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 1990 க்கு அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. நமக்கும் மயிலிட்டிக்கும் 1990 என்பது வீட்டை விட்டு ஓடிய வருடம். இப்போது அந்த எண்ணை உயிர் காக்கவும் ஞாபகம் வைத்திருப்போம்.

தலைக்கவசம் பற்றியும் சொல்ல வேண்டும். அது தலைக் காயத்தின் அபாயத்தை 69 வீதமும், மரண அபாயத்தை 42 வீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு "பள்ளி பக்கத்தில்தானே" என்று தொப்பியோடு மட்டும் மோட்டார் சைக்கிளில் பறக்கிறோம். பின்னால் இருக்கும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. பட்டியைப் பூட்டாத தலைக்கவசம் விழும்போது உங்களுக்கு முன்பே விழுந்துவிடும்.

அந்த மாணவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். முன்பு எதிர்பார்த்த பெறுபேறு இல்லை. கணக்கில் சித்தி. தகப்பனோடு கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. வலிப்பு வரக்கூடியவனைக் கடலுக்கு விட வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதற்காக அவன் அழுததை நான் பார்த்தேன். இப்போது கரையில் மீன் நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறான். கடந்த முறை மயிலிட்டிக்குப் போனபோது அவனைச் சந்தித்து, அன்று வகுப்புக்கு வெளியே நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

அவனுக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. "அப்பிடியா சேர்?" என்று கேட்டுவிட்டு, பைக்குள் இருந்த கொப்பியை எடுத்து, நான் வந்து போனதை அதில் எழுதிக்கொண்டான்.